கார்வின் ஊரின் டின் கறிக்காரி

போர் வந்த பிறகுதான் ஆர்டிஸ் ட்ரெக்ஸ்லருக்கு ஊரில் தனியாக ஒரு பெயர் கிடைத்தது. அதுவரைக்கும் அவள் விதைக்கடை ஹோமரின் மனைவி, வாத்தியார் லைலின் அம்மா, மெதடிஸ்ட் சர்ச் விருந்துகளில் பின்னால் நின்று தட்டுக் கழுவும் பெண்களில் ஒருத்தி. கார்வினில் கைப்பக்குவம் உள்ள பெண்களுக்கு என்றுமே குறைச்சல் இருந்ததில்லை. ஊரைச் சுற்றிச் சோளக்காடு, சோளக்காட்டுக்கு நடுநடுவே பன்றிப் பண்ணை. கறி இல்லாமல் யாருக்கும் சோறு இறங்காத ஊர் அது.

அந்த ஊரிலேயே கறிக்குத் தட்டுப்பாடு வந்தது. பன்றிகள் என்னவோ ரயில் ரயிலாகப் போய்க்கொண்டுதான் இருந்தன. எல்லாம் பட்டாளத்துக்கு. கசாப்புக் கடைக் கொக்கிகள் வெறுமையாகத் தொங்கின. ரேஷன் சீட்டுகளை எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அலமாரியைக் காட்டுவார். அங்கே தகர டப்பாக்கள் அடுக்கியிருக்கும். நாம் விற்ற பன்றியே அரைபட்டு, உப்பேறி, டப்பாவுக்குள் அடைபட்டு ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறது என்று ஆண்கள் கேலி பேசினார்கள். பெண்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அதை என்ன செய்வதென்றே அவர்களுக்குப் புரியவில்லை. அப்படியே அறுத்து வைத்தால் பிள்ளைகள் தட்டைத் தள்ளினார்கள். கொழுப்பு விட்டு வறுத்தால் உப்பு நாக்கை அறுத்தது.

ஆர்டிஸ் விடவில்லை. டப்பாவை முதலில் நிலவறையில் வைத்து நன்றாகக் குளிரவிடுவாள். அப்போதுதான் உதிராமல் வில்லை போட வரும். வில்லைகளைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி உப்பைப் போக்குவாள். பிறகு இரும்புச் சட்டியில், மெல்லிய தீயில், தன் கொழுப்பிலேயே முறுகவிடுவாள். விருந்தாளி வருகிற நாளில் முழுக் கட்டியின் மேலே கட்டம் கட்டமாகக் கீறி, கட்டத்துக்கு ஒரு கிராம்பு குத்தி, கடுகு விழுதும் சோளப்பாகும் பூசி ஓவனில் வைப்பாள். வெளியே எடுக்கும்போது அது பண்டிகைக்குச் சுட்ட பன்றித் தொடையின் குட்டித் தம்பி மாதிரி பளபளக்கும். உப்பிட்ட மாட்டுக்கறி டின்னை முட்டைக்கோஸோடு வதக்குவாள். மிச்சம் மீதியை ஓட்ஸோடு பிசைந்து உருட்டி, பாலும் மாவும் காய்ச்சிய குழம்பில் போடுவாள். ஒரு டப்பாவை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் இரண்டு வேளை வயிறாரச் சாப்பிட்டு எழுந்துவிடும்.

வாசனை அடுத்த வீட்டுக்குப் போயிற்று. அடுத்த வீட்டிலிருந்து பேச்சு ஊருக்குப் போயிற்று. போதகர் சர்ச்சின் கீழ்த்தளத்தைத் திறந்துவிட்டார். புதன்கிழமை மத்தியானங்களில் அங்கே நாற்காலி போதாது. முன்வரிசையில் நெவா ஸ்டாடர்ட் உட்கார்ந்துகொண்டு வாயாடுவாள். ஆர்டிஸும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, இப்போது ஒரே தெரு.

"ஏண்டி ஆர்டிஸ், இந்தக் கட்டியில எது பன்னியோட தலை, எது வாலு?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் கெடக்கு. ஆராயாம தின்னு."

"எங்க வீட்டுக்காரர் இதைப் பாத்ததும், 'போர்ல நாம தோத்துட்டோமா?'ன்னு கேக்கறாரு."

"கிராம்பு குத்தி வை. ஜெயிச்ச மாதிரி இருக்கும்."

கீழ்த்தளமே சிரிக்கும். டின் கறிக்காரி என்று முதலில் கூப்பிட்டவளும் நெவாதான். ஆர்டிஸ் அதற்குக் கோபப்படவில்லை. உள்ளூர மகிழ்ந்துபோனாள். நாற்பத்தைந்து வயது வரைக்கும் யாரும் அவளிடம் எதையும் கற்றுக்கொள்ள வந்ததில்லை.

நெவாவின் மகன் ஆர்வில் படைக்குப் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு ஆர்டிஸ் வீட்டில்தான் சாப்பிட்டான். அவனும் லைலும் தவழ்ந்த காலத்திலிருந்தே சேர்ந்து வளர்ந்தவர்கள். கிராம்பு குத்திய கட்டியில் பாதியை அவன் ஒருத்தனே தீர்த்தான்.

"பட்டாளத்துலயும் இதையேதான் போடுவாங்களாம் அத்தை. ஆனா பச்சையா, டப்பாவோட. உங்களை நெனச்சுக்கிட்டே முழுங்கிடறேன்."

"நெனச்சுக்கிட்டே முழுங்கினா விக்கும்டா. மென்னு தின்னு."

லைல் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தான். பிறகு, பாத்திரம் கழுவும் நேரத்தில், சட்டியில் தேங்கிய கொழுப்பை ஆர்டிஸ் ஜாடியில் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அந்த ஜாடி நிறைந்ததும் கசாப்புக் கடையில் கொடுப்பாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

"அதுலேருந்து வெடிமருந்து செய்வாங்கம்மா."

"தெரியும். அதுக்குத்தானே சேக்கறேன்."

"அது யார் மேலயாவது போய் விழும்."

"விழட்டுமே. நம்மகூடச் சண்டைக்கு வந்தவன் மேலதானே விழுது?"

லைல் துண்டை எடுத்துத் தட்டுகளைத் துடைத்தான். அப்போதே தனக்குப் புரிந்திருக்க வேண்டும் என்று ஆர்டிஸ் பின்னால் பலமுறை நினைத்தாள்.

லைலின் முறை வந்தபோது, படைக்கு ஆள் எடுக்கும் குழுவின் முன்னால் போய் நின்று, தான் துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டான். குழுவில் இருந்த மூவரும் ஹோமர் கடையில் விதை வாங்குகிறவர்கள். "உங்கம்மாவக் கொல்ல ஒருத்தன் வந்தா என்னடா பண்ணுவ?" என்று ஒருவர் கேட்டார். "நடுவுல போய் நிப்பேன்" என்றான். சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஹோமர் முந்தைய போரில் பிரான்சில் சண்டை போட்டவர். அதைப் பற்றி அவர் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு மேசையில் கையை ஊன்றிக்கொண்டு மகனைக் கேட்டார்:

"நான் போகலையா? எனக்கு மட்டும் ஆசையா இருந்துச்சா?"

"நீங்க தூக்கத்துல கத்தறதைக் கேட்டுக்கேட்டுத்தானே நான் வளந்தேன்ப்பா."

ஹோமர் அவனையே பார்த்தார். முகம் சாம்பலாகப் போயிற்று. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனவர், லைல் ஊரைவிட்டுப் போகும்வரை அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டைக்குப் போக மறுத்தவர்களுக்கென்று மேற்கே மலைக்காட்டில் இருந்த மரம் நடும் முகாமுக்கு லைலை அனுப்பினார்கள். ஒருநாள் காலையில் விதைக்கடைக் கதவில் மஞ்சள் சாயம் வழிந்துகொண்டிருந்தது. கோழை வீட்டுக்குப் பூசுகிற நிறம் அது. ஹோமர் கத்தியை வைத்துக்கொண்டு மத்தியானம்வரை சுரண்டினார். யார் செய்தது என்று விசாரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "இனிமே அவன் பேரை இந்த வீட்ல எடுக்காத" என்றார், அவ்வளவுதான்.

சர்ச்சின் கீழ்த்தளத்தில் நாற்காலிகள் காலியாகத் தொடங்கின. ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்தியின் குழந்தைக்குச் சளி. கடைசியில் போதகரே வந்தார்.

"கொஞ்ச நாளைக்கு வகுப்பை நிறுத்தி வைக்கலாம்னு பாக்கறேம்மா. ஜனங்க மனசு இப்ப ஒரு மாதிரி இருக்கு."

"சரிங்கய்யா" என்றாள் ஆர்டிஸ். வேறென்ன சொல்ல?

அடுத்த புதன்கிழமை நெவா ஒரு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே வந்தாள்.

"என்னடி, கடையை மூடிட்டியாமே?"

"மூட வச்சுட்டாங்க."

"உம் பையன் ஒரு கிறுக்கன். அதுக்காக நான் உப்புக் கல்லைத் திங்கணுமா? அடுப்பைப் பத்த வை."

அன்றைக்கு ஆர்டிஸ் அழுதாள். நெவா அதைப் பார்க்காததுபோல் டப்பாவைத் திறக்கும் சாவியைத் திருகிக்கொண்டே தன் மகனைப் பற்றிப் பேசினாள். ஆர்வில் கடல் தாண்டிப் போய்விட்டான். அங்கே பெண்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து சிப்பாய்களிடம் டப்பாவுக்குக் கையேந்துகிறார்களாம். இவன் தன் பங்கைக் கொடுத்துவிடுகிறானாம். "இளகின மனசு. அவங்கப்பா மாதிரி இல்ல" என்றாள். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல், எல்லாப் புதன்கிழமையும் அந்த இரண்டு பெண்களும் ஆர்டிஸின் அடுக்களையில் உட்கார்ந்து சமைத்தார்கள். லைலைப் பற்றி நெவா கேட்க மாட்டாள். ஆர்டிஸும் சொல்ல மாட்டாள். அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் பேசுவார்கள்.

இலையுதிர் காலத்தில் லைல் விடுப்பு எடுத்து ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தான். அப்பா கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தான். மர வேலையில் தோள் அகன்று, முகம் வெயிலில் கறுத்து, ஆரோக்கியமாக இருந்தான். ஆர்டிஸ் வில்லைகளை முறுகவிட்டு அவன் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"நான் வேற எடத்துக்குப் போறேம்மா. வடக்கே, பல்கலைக்கழகத்துக்கு. டாக்டருங்க ஒரு சோதனை நடத்தறாங்க. நாங்களா பேர் கொடுத்தது."

"என்ன சோதனை? ஊசி போடுவாங்களா?"

"இல்ல. சாப்பாட்டைக் குறைப்பாங்க. ஆறு மாசம், பாதி வயித்துக்குத்தான். அப்புறம் திரும்பவும் எப்படி ஊட்டினா உடம்பு தேறுதுன்னு பாப்பாங்க."

ஆர்டிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எதுக்குடா இந்தப் பாவம்?"

"போர் முடிஞ்சா ஐரோப்பா முழுக்கப் பட்டினியாக் கெடப்பாங்கம்மா. பட்டினி கெடந்தவனுக்கு எதை, எவ்வளவு, எப்படிக் கொடுக்கணும்னு யாருக்கும் சரியாத் தெரியல. தப்பாக் கொடுத்தா செத்துப் போவாங்க."

"அதுக்கு எம் பையன்தான் கெடைச்சானா? என் வயித்துல பொறந்துட்டு, பட்டினி கெடக்கறதுக்குப் பேர் கொடுத்திருக்கியே, வெக்கமா இல்ல?"

"ஆர்வில் அங்க உசிரைக் குடுக்க நிக்கறான். நான் மரம் நட்டுக்கிட்டிருக்கேன். எனக்கு அதுதாம்மா வெக்கமா இருக்கு."

அவள் கரண்டியை எடுத்து இன்னொரு வில்லையை அவன் தட்டில் போட்டாள். அவன் தட்டில் இருந்ததை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அப்பா வருவதற்குள் ரயிலுக்குக் கிளம்பினான். ஹோமர் வந்து இரண்டாவது தட்டைப் பார்த்தார். "வெளிய யாராவது பாத்தாங்களா?" என்று மட்டும் கேட்டார். அவனைப் பற்றி எதையும் பேசக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அதனால் லைல் எங்கே போகிறான் என்பதை அவள் தன் மனதுக்குள்ளேயே போட்டு வைத்தாள்.

வசந்தம் வந்தது. போர் முடியப்போகிறது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், ஜெர்மனியில் ஒரு கிராமத்துச் சாலையில் ஆர்வில் செத்துப்போனான். தந்தி வந்த அன்றைக்கு நெவாவின் அலறல் தெருக்கோடி வரை கேட்டது. ஆர்டிஸ் ஓடினாள். உள்ளே போக விடவில்லை. நெவாவின் அக்கா கதவைப் பாதி திறந்து, "இப்ப வேணாம்" என்று சொல்லி மூடிவிட்டாள்.

உடல் வரவில்லை. சர்ச்சில் படத்தை வைத்துப் பிரார்த்தனை நடந்தது. பிறகு கீழ்த்தளத்தில் சாப்பாடு, வழக்கம்போல் ஆளுக்கொரு பாத்திரம். ஆர்டிஸ் முழுக் கட்டியைக் கீறிக் கிராம்பு குத்திச் சுட்டு எடுத்துப் போனாள். அவனுக்குப் பிடித்தது, அதைத்தானே கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தாள். நீள மேசையில் மற்றப் பாத்திரங்களோடு வைத்தாள். கூட்டம் மேசையைச் சுற்றி நகர்ந்தது. பீன்ஸ் தீர்ந்தது, கோழி தீர்ந்தது, உருளைக்கிழங்குச் சட்டியின் அடி தெரிந்தது. அவளுடைய பாத்திரத்தில் ஒரு கத்திகூட இறங்கவில்லை. அதன் மேலிருந்த பாகு இறுகி மங்கிப்போயிற்று.

நெவா எழுந்து வந்தாள். கறுப்பு உடையில் அவள் சிறுத்துப்போயிருந்தாள். பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நேராக ஆர்டிஸிடம் வந்தாள்.

"எடுத்துட்டுப் போ."

"நெவா, ஆர்வில் ஆசையாத் தின்னதுடி..."

"அவன் பேரைச் சொல்லாத. எம் பையன் மண்ணுக்குள்ள கெடக்கான். உம் பையன் எங்கயோ உக்காந்து மூணு வேளையும் நல்லாத் தின்னுக்கிட்டிருக்கான். அவனுக்கே கொண்டுபோய்ப் போடு."

மேசையைச் சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்டிஸின் நாக்கு நுனிவரை வந்தது. என் மகன் தின்னவில்லை, நெவா. அவன் பட்டினி கிடக்கிறான். அவனே கேட்டு வாங்கிய பட்டினி. சொல்லிவிட்டால் அத்தனை முகங்களும் மாறும் என்று அவளுக்குத் தெரிந்தது. எதிரே நெவாவின் கண்கள் இருந்தன. அந்தக் கண்களுக்கு முன்னால் தன் மகனுக்காக வழக்காட அவளுக்கு வாய் வரவில்லை. அவன் மெலிந்தாலும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். பாத்திரத்தை வாங்கிக்கொண்டு படியேறினாள்.

வீட்டில் ஹோமர் பாத்திரத்தைப் பார்த்தார். அவர் பிரார்த்தனையில் கலந்துகொண்டு, சாப்பாட்டுக்கு நிற்காமல் வந்துவிட்டவர்.

"யாரும் தொடலையா?"

அவள் உட்கார்ந்தாள். தொப்பியைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நெவா சொன்னதை, லைல் எங்கே இருக்கிறான் என்பதை, எதற்காக என்பதை. ஹோமர் நின்றபடியே கேட்டார்.

"அதை அங்கயே எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"சொல்லி? ஆர்வில் எழுந்து வந்துடுவானா?"

ஹோமர் ஜன்னலோரமாகப் போய் நின்றுகொண்டார். முதுகைக் காட்டியபடியே சொன்னார்:

"போய்ப் பாத்துட்டு வா அவனை. நான் ரயிலேத்தி விடறேன்."

ஜூன் வெயில் அனலாக அடித்த ஒரு நாள் ஆர்டிஸ் அந்த வடக்கு ஊரில் ஆற்றங்கரைப் பூங்காவில் பெஞ்சில் காத்திருந்தாள். சோதனையில் இருப்பவர்கள் தனியாக வெளியே போகக் கூடாதாம், அதனால் இரண்டு பேராக வந்தார்கள். வருவது யாரோ இரண்டு கிழவர்கள் என்று அவள் முதலில் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அந்த வெயிலிலும் இருவரும் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார்கள். கையிடுக்கில் ஆளுக்கொரு தலையணை. நடைபாதையின் சின்ன மேட்டை ஏறாமல், தாழ்ந்த இடம் எங்கே என்று தேடிச் சுற்றி வந்தார்கள். கிட்டே வந்து "அம்மா" என்ற பிறகுதான் குரலை வைத்து அடையாளம் கண்டாள்.

கூட வந்தவன் மரியாதையாகத் தள்ளி இன்னொரு பெஞ்சில் உட்கார்ந்தான். லைல் தலையணையைப் போட்டு அதன் மேல் மெல்ல உட்கார்ந்தான்.

"எலும்பு குத்துது, அதான்."

கன்னம் ஒட்டி, பல் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. கணுக்கால் மட்டும் வீங்கியிருந்தது. அவள் அவன் கையைப் பிடித்தாள். பனிக்காலத்து இரும்பு மாதிரி சில்லிட்டிருந்தது.

"வந்துடுடா லைல். போதும். வீட்டுக்கு வந்துடு."

"இன்னும் கொஞ்ச நாள்தாம்மா." அவன் கண் அவள் முகத்தில் நிற்கவில்லை. "அம்மா, அந்த டின் கறி செய்வியே, கிராம்பு குத்தி. அது எப்படின்னு சொல்லு. அவசரப்படாம, ஒண்ணுவிடாம சொல்லு."

"பக்கத்துல நின்னு பாத்ததுதானே?"

"சொல்லும்மா. அங்க எல்லாரும் சமையல் புஸ்தகம்தான் படிக்கறோம். வேற எதுலயும் மனசு ஒட்டல."

அவள் சொன்னாள். குளிரவிடுவதிலிருந்து ஆரம்பித்தாள். கீறல் எவ்வளவு ஆழம் என்று குறுக்கே கேட்டான். பாகு எப்போது நுரைக்கும் என்று கேட்டான். ஓரம் கருகுமா, கருகினால் அது கசக்குமா, இனிக்குமா என்று கேட்டான். தள்ளி உட்கார்ந்திருந்தவனும் இந்தப் பக்கம் திரும்பி, வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். 

திடீரென்று லைலின் மூக்கு விடைத்தது.

"பையில என்னம்மா?"

ரயிலில் சாப்பிட அவள் ரொட்டிக்கு நடுவே வறுத்த வில்லை வைத்துக் கொண்டுவந்திருந்தாள். பாதி தின்றுவிட்டு மீதியை மெழுகுத்தாளில் சுற்றி வைத்ததை மறந்தே போயிருந்தாள். அவளையும் மீறிக் கை பைக்குள் போனது.

"ஒரு வாய்டா. ஒரே ஒரு வாய். யாரும் பாக்கல."

லைலின் கை எழுந்தது.  மெழுகுத்தாளைத் தொட்ட விரலைச் சுட்டதுபோல் இழுத்துக்கொண்டான்.

"தின்னா இத்தனை நாள் கெடந்ததெல்லாம் பாழாப்போயிடும். தூக்கிப் போடு. ஆத்துல போடு."

"கண்ணு..."

"போடும்மா!"

அவள் எழுந்து போய் வீசினாள். திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேரும் எழுந்து நின்று, அது விழுந்த இடத்தையே வெறித்துக்கொண்டிருந்தார்கள். லைலின் முகத்தில் அவள் அதுவரை பார்த்தறியாத வெறுப்பு இருந்தது.

"எதுக்குக் கொண்டு வந்த? எங்களைப் பாத்தா உனக்கு என்னன்னு தோணுது? போ. இனிமே வராத."

கூட இருந்தவன் வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். "இவன் பேசலைங்கம்மா. பசி பேசுது. மனசுல வச்சுக்காதீங்க." இரண்டு பேரும் தலையணைகளை எடுத்துக்கொண்டு, தாழ்ந்த இடம் தேடித் தேடி நடந்து போனார்கள். அவள் அவர்கள் மறையும்வரை நின்றாள்.

கார்வின் நிலையத்தில் ஹோமர் வண்டியோடு காத்திருந்தார். பாதி வழி வந்த பிறகுதான் கேட்டார்:

"எப்படி இருக்கான்?"

"பிரான்சுல நீங்க பட்டினிக் கைதிங்களப் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்."

"அப்படி இருக்கான்."

ஹோமர் வண்டியைச் சாலையோரமாக நிறுத்தினார். இரண்டு பக்கமும் சோளம் முழங்கால் உயரம் நின்றது. அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். ஆர்டிஸ் அவர் முதுகில் கையை வைத்தாள். 

கடும்பனி விழத் தொடங்கியபோது லைல் வீட்டுக்கு வந்தான். அதற்குள் போர் முடிந்து, கொடியெல்லாம் கட்டி அவிழ்த்தாகிவிட்டது. வயிறு மட்டும் உப்பி, கையும் காலும் குச்சியாக இருந்தான். டாக்டர்கள் அவனுக்குத் திரும்பச் சாப்பாடு ஊட்டியிருந்தார்கள். ஆனால் பசி மட்டும் அவனைவிட்டுப் போகவில்லை. தட்டு காலியானதும் ஆர்டிஸின் தட்டைப் பார்ப்பான். தின்றதைக் கொல்லையில் போய் வாந்தி எடுத்துவிட்டு மறுபடி வந்து உட்காருவான். தலையணை உறைக்குள் ரொட்டித் துண்டுகளைக் கண்டெடுத்தாள். ஒருநாள் அவன் கையால் அள்ளி அள்ளித் தின்னும்போது ஹோமர் தன் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அவர் அவனோடு பேசி இரண்டு வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

"மெதுவா. மெதுவாத் தின்னு. யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க."

லைல் வாயில் இருந்ததை விழுங்க முடியாமல் அழுதான்.

பத்திரிகை ஒன்றில் அந்தச் சோதனையைப் பற்றிப் படத்தோடு வந்தது. படத்தில் இருந்தது லைல் இல்லை. ஆனால் ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. பள்ளிக்கூட வேலையை அவனுக்குத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. நெவா மட்டும் ஒருநாள் பின்வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னாள் ஆர்டிஸ். அவள் வரவில்லை.

"நீ ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொல்லியிருந்தா?"

நெவா யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு எப்போதுமே வராது.

"சொல்லியிருந்தாலும் எடுத்துட்டுப் போன்னுதான் சொல்லியிருப்பேன்."

"தெரியும்."

"உன் பையன் உசிரோட இருக்கான்ங்கறதை என்னால மன்னிக்க முடியலடி. அவன் என்ன பண்ணான், பண்ணலங்கறது இல்ல. உசிரோட இருக்கான். தெருவுல நடந்து போறான். எனக்கு அதைப் பாக்க முடியல."

"நாங்க போயிடட்டுமா, வேற ஊருக்கு?"

"போனா மட்டும்?" நெவா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கினாள். அதற்குப் பிறகும் அவர்கள் அதே தெருவில்தான் இருந்தார்கள். எதிரெதிரே வந்தால் பனியைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள். ஒருத்தி அடுக்களைக்குள் மற்றவள் மறுபடி காலடி வைக்கவில்லை.

போகவேண்டியது லைல்தான் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. வசந்தத்தில் மேற்கே, ஒரிகானுக்குப் போனான். மரம் அறுக்கும் ஆலையில் சேர்ந்தான், கல்யாணம் செய்துகொண்டான். கீழ்த்தளத்து வகுப்பை மறுபடி தொடங்கச் சொல்லிப் புதிதாக வந்த போதகர் ஆர்டிஸைக் கேட்டார். கறிதான் இப்போது தாராளமாகக் கிடைக்கிறதே, இனி எதற்கு என்று சொல்லிவிட்டாள்.

ஹோமர் இறந்த மறுவருஷம் அவள் மகன் வீட்டுக்குப் போனாள். மருமகள் நல்ல பெண். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் துளி மிச்சம் வைக்காமல், சத்தம் போடாமல் சாப்பிட்டார்கள். அவ்வளவு ஒழுங்காகச் சாப்பிடும் குழந்தைகளை அவள் பார்த்ததில்லை. லைல் அவர்களோடு உட்காரவில்லை. எல்லோரும் எழுந்த பிறகு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு தனியாகச் சாப்பிட்டான். ஏன் என்று ஆர்டிஸ் மருமகளைக் கேட்டாள்.

"அவர் எப்பவும் அப்படித்தான் அத்தை. சாப்பிடும்போது நாங்க யாரும் பக்கத்துல போக மாட்டோம்" என்றாள் அவள், பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, சாதாரணமாக.

அவன் சுவரைப் பார்த்துத் தின்பதை அதற்கு மேல் பார்க்க முடியாமல், ஆர்டிஸ் தங்குவதாகச் சொன்ன நாளுக்கு முன்னதாகவே ஊர் திரும்பிவிட்டாள்.